பூட்டுப் போட்ட பின்னூட்டங்கள்

எனக்குக் கொரிய மொழியில் தெரிந்த சொல் ஒன்றே ஒன்றுதான். ‘ஓம்’, அதாவது ‘ஆம்’ என்பதற்கு அவர்கள் எழுதும் சொல். ஒரு சின்ன வட்டம், அதற்குப் பக்கத்தில் சில கோடுகள். எப்படிச் சொல்வது என்று கேட்டால் முழிப்பேன். திரையில் அந்தப் பொத்தானைக் கண்டால் விரலால் அமத்தத் தெரியும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு கொரியத் தளத்தில் மூன்று வருடம் தமிழில் வலைப்பூ எழுதினேன் என்றால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. ஆங்கிலத்தில் ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்கிறார்கள். கிடைத்தது. எனக்குத்தான் அது வேண்டாம் என்றிருந்தது.

அப்போது நான் ஹீத்ரோவுக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் ஓர் இடத்தில் வேலை செய்தேன். காலை ஷிப்ட். ஹவுன்ஸ்லோவில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஐந்து தமிழ்ப் பெண்கள் ஒரே பஸ்ஸில் போவோம். தட்டில் பணிஸ் வைப்பது, பட்டர் வைப்பது, மூடி போடுவது, வண்டியில் அடுக்குவது. கொரியாவின் சோல் நகரத்துக்குப் போகிற விமானங்களின் சாப்பாட்டைச் சரிபார்க்க ஒரு கொரியப் பெண் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வீடு நியூ மோல்டனில். அவருடைய பெயரை நான் கொலை செய்கிறேன் என்று முறையிட்டதால் ‘அக்கா’ என்று கூப்பிடத் தொடங்கினேன். அதற்கு என்ன பொருள் என்று தெரிந்த பிறகு வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

அக்காவும் நானும் எங்களுக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில்தான் கதைப்போம். அவர் கொரிய மொழியில் ஒரு வலைப்பூ எழுதிவந்தார். லண்டன் மழை, பக்கத்து வீட்டுப் பூனை, எங்கள் தொழிற்சாலையில் வீணாகப் போகும் சோறு என்று எல்லாவற்றையும் பற்றி. கன்டீனில் மடிக்கணினியைத் திறந்து காட்டுவார். ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் எனக்கு ஆசையாக இருந்தது. நானும் எழுதவேண்டும், ஆனால் எங்கள் ஆட்கள் ஒருவரும் மோப்பம் பிடிக்கக்கூடாது என்றேன். அந்தக் காலத்தில் இணையத்தில் தமிழில் எழுதியவர்கள் எல்லாரும் ஒரே முற்றத்தில்தான் கூடுவார்கள். காலையில் இங்கே ஒரு வரி எழுதினால் மத்தியானம் டொரோண்டோவில் என் கணவரின் பெரியம்மா அதற்கு விளக்கம் கேட்பா. நான் எழுத நினைத்ததில் பாதி அந்தப் பெரியம்மாவைப் பற்றி.

‘என்னிடம் ஓர் அழைப்பு மிச்சம் இருக்கிறது’ என்றார் அக்கா. அந்தத் தளத்தில் வாசிக்கவும் பின்னூட்டம் போடவும் யாரும் வரலாம், ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஒருவர் அழைத்தால்தான் எழுத நுழையலாம். அப்படித்தான் நுழைந்தேன். எனக்குத் தெரிந்து அங்கே இருந்த ஒரே தமிழச்சி நான்தான்.

அப்படி ஓர் இடத்தை நான் பிறகு எங்கும் காணவில்லை. வருகிறவர்கள் கையெழுத்து வைத்துவிட்டுப் போக ஒரு விருந்தினர் புத்தகம். விரும்பியபடி மாற்றக்கூடிய நிறங்கள், எழுத்துகள். ஒரு பதிவை எல்லாருக்கும் காட்டலாம், சிலருக்கு மட்டும் காட்டலாம், யாருக்கும் காட்டாமலும் வைக்கலாம். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பின்னூட்டப் பெட்டிக்குக் கீழே இருந்த சின்னப் பூட்டு. அதில் அடையாளம் போட்டுவிட்டு எழுதினால் எழுதியவரும் நானும் மட்டும்தான் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் ‘இது இரகசியப் பின்னூட்டம்’ என்று கொரிய மொழியில் ஒரு சாம்பல் நிற வரி மட்டும் தெரியும். கொரியர்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள், அதுதான் இப்படிச் செய்திருக்கிறோம் என்றார் அக்கா. எங்கள் ஆட்களை அவருக்குத் தெரியாது.

பொத்தான்களில் இருந்ததெல்லாம் கொரிய எழுத்து. அக்கா சொல்லச் சொல்ல ஒரு கொப்பித்தாளில் படம் கீறி வைத்துக்கொண்டேன். மேலே இடப்பக்கமிருந்து மூன்றாவது, எழுத. கீழே நீலம், வெளியிட. மஞ்சள் பெட்டி வந்தால், மூட. மஞ்சள் பெட்டியில் வருவது அறிவித்தல்கள். முதலில் இரண்டு மூன்றை அக்காவிடம் காட்டினேன். ஒன்று புதுவருட வாழ்த்து, மற்றது ஒரு மணித்தியாலம் தளம் வேலை செய்யாது என்பது. அதன் பிறகு காட்டுவதை விட்டுவிட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு எழுதியதையெல்லாம் பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்பது அக்காவின் கட்டளை. கருவிகள் பக்கம், மூன்றாவது வரி, நீலப் பொத்தான், ‘ஓம்’, மறுபடி ‘ஓம்’. ஒரு தடவையும் தவறவிட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

வேலை, பஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பெரியம்மா என்று மேலே எழுதிவிட்டுக் கீழே ஒரு சமையல் குறிப்பைப் போடுவேன். குறிப்புக்காகத்தான் எழுதுகிறேன் என்று மேலுள்ளதை நியாயப்படுத்தலாம் அல்லவா. வாசித்தவர்கள் மேலுள்ளதை விட்டுவிட்டு நேரே குறிப்புக்குத்தான் போனார்கள். ஆனால் இணையத்தில் குறிப்புத் தேடித் தேடி வந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் இருக்கும், அநேகமாகப் பெண்கள். பூட்டைப் பற்றி ஒரு பதிவில் விளக்கினேன். அடுத்த கிழமையே சாம்பல் வரிகள் நிறையத் தொடங்கின.

வெளியே ‘நல்ல பதிவு, நன்றி’ என்று எழுதியவளே உள்ளே, அகதி வழக்கு நிராகரித்துவிட்டார்கள், தமையனுக்கு இன்னும் சொல்லவில்லை என்று எழுதினாள். இன்னொருத்தி தான் துப்புரவு வேலை செய்வதை ஊரில் மறைத்திருந்தாள். எனக்கு யாருக்கும் ஆலோசனை சொல்லும் தகுதி இல்லை. வாசித்தேன், இரண்டு வரி பதில் போட்டேன். வாசிக்க ஒருவர் இருந்தால் போதும் என்றிருந்தவர்கள்தான் எழுதினார்கள்.

ஒரு வருடம் போயிருக்கும். கன்டீனில் அக்கா முகம் முழுக்கச் சிரிப்போடு வந்து இருந்தார். எங்கள் தளத்தை ஒரு பெரிய இணையக் கம்பெனி வாங்கிவிட்டதாம். பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் தெரியாத வீடு ஹவுன்ஸ்லோவில் இல்லை. ‘சின்னப் பிள்ளைகள், ஒரு அறைக்குள் இருந்து செய்த வேலை. அவ்வளவு பெரிய ஆட்கள் வந்து வாங்கியிருக்கிறார்கள்’ என்றார். தன் தம்பிக்கு உத்தியோகம் கிடைத்தது போலக் கண் கலங்கினார். நானும் சந்தோசப்பட்டேன். சின்னக் கடை என்றால் எப்போது பூட்டுவார்களோ என்ற பயம் இருக்கும், இனி அந்தப் பயம் இல்லை என்று நினைத்தேன். அறிவு அவ்வளவுதான்.

முதலில் ஒன்றும் மாறவில்லை. ஒன்றும் மாறவில்லை என்பதே ஒரு மாற்றம் என்று பிறகுதான் விளங்கியது. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு புது வசதி வரும். அது நின்றது. தளத்தைக் கட்டிய பிள்ளைகளும் அங்கே ஒரு வலைப்பூ வைத்திருந்தார்கள். மத்தியானம் என்ன சாப்பிட்டார்கள் என்றுகூட எழுதுவார்கள். அதுவும் குறைந்து குறைந்து நின்றுபோனது. ‘அவர்களுக்கு இப்போது அந்தக் கம்பெனியில் வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள்’ என்றார் அக்கா. அவருக்கு அவர்களில் கோபமில்லை. எனக்கும் இல்லை. நல்ல சம்பளம், நல்ல கதிரை. யார்தான் ஒரே வேலையில் கிடந்து சாக வந்தார்கள்?

அந்த நாட்களில்தான் டூட்டிங் மாமி வந்தா. ‘டூட்டிங் மாமி’ என்றுதான் பெயர் போடுவா. ஊரில் ரீச்சராக இருந்தவ என்பது இரண்டாவது பின்னூட்டத்திலேயே தெரிந்துவிட்டது. பயற்றம் பணியாரத்துக்கு நான் போட்ட குறிப்பின் கீழே, ‘பயறு வறுத்தது காணாது பிள்ளை. படத்திலேயே தெரியுது’ என்று எழுதினா. எனக்குச் சுர்ரென்று ஏறியது. மறுநாள் இன்னும் கொஞ்சம் வறுத்துப் பார்த்தேன். மாமி சொன்னதுதான் சரி. பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் மாமியின் திருத்தம் வரும். வராவிட்டால் எனக்குப் பதிவு முடிந்த மாதிரியே இருக்காது.

அதே பயற்றம் பணியாரத்தின் கீழே, மாமியின் வரிக்கு அடுத்ததாக ஒரு பூட்டுப் போட்ட பின்னூட்டம் இருந்தது. பெயருக்குப் பதிலாக ஒரு புள்ளி.

‘அக்கா, மேலை எழுதியிருக்கிறது என்ர மாமிதான். என்ர அவரின்ரை அம்மா. எங்களோடைதான் இருக்கிறா. பணியாரம் தன்ரை கடைசி மகனுக்கு அனுப்பவாம். அவர் மலேசியாவிலை விசா இல்லாமல் ஒளிச்சிருக்கிறார், போன் எடுக்க ஏலாது எண்டு சொல்லி வைச்சிருக்கிறம். அவர் இல்லை அக்கா. போன வருசம் வன்னியிலை கடைசி மாதங்களிலை செல் பட்டுப் போயிட்டார். தப்பி வந்த ஒருத்தர் போனிலை சொன்னவர். அந்த நேரம் மாமிக்கு நெஞ்சு ஒப்பரேசன் செய்து கிடந்தது. பிறகு சொல்லுவம் எண்டு விட்டது, இப்ப சொல்ல வழி தெரியேல்லை.’

நான் அதை நாலைந்து தடவை வாசித்தேன். பிறகு ‘உங்களுக்கு எப்ப எழுதவேணும் போலை இருந்தாலும் எழுதுங்கோ தங்கச்சி’ என்று பூட்டுப் போட்டுப் பதில் எழுதினேன். சரி பிழை சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன தெரியும்? எங்கள் ஆட்களில் எத்தனையோ வீட்டில் இப்படி ஒரு மலேசியா இருந்தது.

அவள் எழுதினாள். மாமி கட்டிக் கொடுத்த பார்சலைத் தபால் கந்தோருக்கு என்று கொண்டுபோய், டூட்டிங் ஸ்டேசனில் ஒரு மர வாங்கில் குந்தியிருந்து தானே சாப்பிட்டதை எழுதினாள். ‘வீசவும் மனம் வரேல்லை, ஆருக்கும் குடுக்கவும் மனம் வரேல்லை அக்கா.’ மாமிக்குக் காட்ட, மகன் எழுதியது போல ஒரு பொய்க் கடிதம் தட்டச்சுச் செய்ததை எழுதினாள். கணவர் இதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கமாட்டார் என்றும், கதைக்காமல் அவர் மெலிந்துபோகிறார் என்றும் எழுதினாள். எல்லாம் மாமியின் திருத்தங்களுக்குக் கீழே, அதே பக்கத்தில், சாம்பல் வரிக்குப் பின்னால். ஒருநாள் மாமியே வெளியே கேட்டா: ‘பிள்ளை, எனக்குக் கீழை எப்பவும் ஒரு வட்டமும் கோடுமாய் ஏதோ கிடக்குதே, அது என்ன?’

‘அது விளம்பரம் மாமி’ என்று பதில் போட்டேன். ஒரு பொய் வீட்டுக்குள் இருந்தது. அதில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

அடுத்த கோடையில் அக்காவின் தாயாருக்குச் சுகமில்லை என்று அவர் லீவு போட்டுவிட்டுச் சோலுக்குப் போய்விட்டார். அந்த நாட்களில் மஞ்சள் பெட்டி அடிக்கடி வந்தது. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் வந்தது. நான் ஒவ்வொரு முறையும் மூடினேன். எத்தனை வாழ்த்துத்தான் சொல்லுவார்கள் என்று அலுப்பு வேறு. தளத்தை மூடப்போகிறோம், வலைப்பூ வைத்திருப்பவர்கள் அதே கம்பெனியின் இன்னொரு வலைப்பூச் சேவைக்கு மாறிக்கொள்ளுங்கள், இன்ன திகதிக்குள் மாறுங்கள் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் அவர்களின் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதத்தின் முதல் ஞாயிறு. பிள்ளைகளுக்குத் தோசை சுட்டுக் கொடுத்துவிட்டுப் பிரதி எடுக்க இருந்தேன். கருவிகள் பக்கம், மூன்றாவது வரி, நீலப் பொத்தான். ‘ஓம்’. மறுபடி ‘ஓம்’. வழக்கமாக அத்தோடு முடியும். அன்றைக்கு மூன்றாவதாக ஒரு பெட்டி வந்தது. நிறைய எழுத்து, நடுவில் சிவப்பில் இரண்டு வரி. பெரிய கம்பெனி அல்லவா, ஒருமுறை கூடக் கேட்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். ‘ஓம்’.

திரையில் ஒரு சக்கரம் சுழன்றது. முடிந்ததும் வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது, எல்லாம் ஆங்கிலத்தில். என் பதிவுகள், என் படங்கள். விருந்தினர் புத்தகத்தைக் காணவில்லை, நிறங்கள் போய்விட்டன, ஆனால் பொத்தான்களை வாசிக்க முடிந்தது. என்னைப் போன்றவர்களுக்காகக் கடைசியில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் துள்ளினேன். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ‘நல்லாத்தான் இருக்கு’ என்றார் பாவம், அவருக்கு என்ன தெரியும். நான் பின்னூட்டங்களைத் திறந்து பார்க்கவில்லை. கடைக்குப் போகவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை அக்கா வேலைக்குத் திரும்பியிருந்தார். பத்தரை மணி இடைவேளைக்கு எனக்கு முன்னால் தன் போனோடு வந்து இருந்தார். ‘நீயும் வீடு மாறிவிட்டாயா? நானும் அங்கே இருந்தபோதே மாற்றினேன். அழுகை வந்தது’ என்றவர் என் பக்கத்தைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டு போனார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அவருடைய மொழியில் ஒரு சாம்பல் வரி எங்கெங்கே இருக்கவேண்டும் என்று தெரியும்.

‘உன் பூட்டெல்லாம் எங்கே?’ என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அக்கா மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மூன்றாவது வரியில் பிரதி எடுக்கும் பொத்தானை எடுத்துவிட்டு மாற்றும் பொத்தானை வைத்திருக்கிறார்கள். புதிய சேவையில் இரகசியப் பின்னூட்டம் என்ற வசதியே இல்லை. சிவப்பு எழுத்தில் கேட்டது அதைத்தான்: இரகசியப் பின்னூட்டங்களையும் கொண்டுவரவா, கொண்டுவந்தால் அவை எல்லாருக்கும் தெரியும், சம்மதமா என்று. ‘நீ என்ன அமத்தினாய்?’ என்று கேட்டார். பதில் அவருக்கே தெரிந்துவிட்டது. அந்த ஒரு சொல்லை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தானே.

போனை வாங்கிப் பயற்றம் பணியாரத்துக்குப் போனேன். ‘பயறு வறுத்தது காணாது பிள்ளை.’ அதற்குக் கீழே, அதே எழுத்தில், அதே அளவில், ‘அவர் இல்லை அக்கா.’ பழைய முகவரியை அமத்தினாலும் நேரே இங்கேதான் வரும் என்று அக்கா சொன்னார். மாமி ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஆறுதலாக இருந்து வாசிப்பா என்று எனக்குத் தெரியும்.

வயிற்றுக்குத்து என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் வர இருபது நிமிடம் ஆனது. என் வாழ்க்கையில் ஒரு பஸ்ஸை அப்படித் திட்டியதில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தையும் கழற்றாமல் கணினிக்கு முன்னால் இருந்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் ஐந்தே நிமிடத்தில், வலைப்பூ முழுவதையும் நான் மட்டும் பார்க்கும்படி மூடும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். மூன்று வருடத்தில் நான் வாசித்து விளங்கி அமத்திய முதல் பொத்தான் அது.

மூடிய பிறகு கீழே போய்ப் பார்த்தேன். மாமியின் பெயரில் புதிதாக ஒன்று இருந்தது. ஞாயிறு பின்னேரம் எழுதியது. திருத்தம் இல்லை, அளவு இல்லை, ‘பிள்ளை’ இல்லை.

‘வாசிச்சன்.’

அவ்வளவுதான். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒப்பரேசன் செய்த நெஞ்சு என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்தேன். அந்த மனுசிக்கு ஏதும் நடந்திருந்தால் கொன்றது நான்தான். இதைச் சொல்ல அப்போது எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, சொல்லியிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கம்பெனியைத் திட்டலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. மூன்று முறை கேட்டிருக்கிறார்கள், சிவப்பில் கேட்டிருக்கிறார்கள். அக்கா எனக்காகச் சோலுக்கு எழுதினார். ஒருவர் உடனே பதில் போட்டார். மன்னிக்கவேண்டும், கொரிய மொழி தெரியாத ஒருவர் எங்களிடம் எழுதிக்கொண்டிருப்பார் என்று நாங்கள் யோசிக்கவில்லை, அது எங்கள் குறை என்று. அந்தத் தளத்தைக் கட்டியவர்களில் கடைசியாக மிஞ்சியிருந்தவர் தான்தான் என்றும், ஒரு தமிழ் அம்மா மூன்று வருடம் அங்கே இருந்தார் என்று மற்றவர்களுக்கும் சொல்வேன் என்றும் எழுதியிருந்தார். அதை அக்கா வாசித்துச் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தங்கச்சியை எப்படிப் பிடிப்பது? பெயர் தெரியாது, போன் இலக்கம் தெரியாது. எங்களுக்கிடையே இருந்த ஒரே வழி அந்தப் பின்னூட்டப் பெட்டி. அதை நானே மூடிவிட்டேன். சனிக்கிழமை டூட்டிங்குக்குப் போனேன். அப்பர் டூட்டிங் றோட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, மரக்கறிக் கடைகளுக்குள் புகுந்து புகுந்து நடந்தேன். கத்தரிக்காயைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்ற எல்லா மருமகளும் அவளாகத் தெரிந்தார்கள். பின்னால் நின்ற எல்லா மாமியும் மாமியாகத் தெரிந்தார்கள். ஒருத்தி ‘என்ன அக்கா, ஏதும் வேணுமே?’ என்று கேட்டாள். பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. முருங்கைக்காய் இரண்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அக்காதான் ஒரு வழி சொன்னார். பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒளித்துவிட்டு ஒரே ஒரு பதிவை மட்டும் வெளியே வை. வருகிற பின்னூட்டம் நீ பார்த்துச் சம்மதித்த பிறகுதான் வெளியே தெரியும்படி அங்கே ஒரு வசதி இருக்கிறது. நீ சம்மதிக்காமலே விட்டால் அதுவும் ஒரு பூட்டுத்தான். அப்படியே செய்தேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். எனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு கேள்விக்கு ஓம் சொன்னேன், உங்கள் எல்லாருடைய கதையும் ஒரு நாளுக்கு மேல் தெருவில் கிடந்தது, என்னை மன்னியுங்கள் என்று.

பலர் எழுதினார்கள். தன்னுடையதை ஒருவரும் வாசித்த மாதிரித் தெரியவில்லை என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள். ‘உங்களை நம்பினது என்ர பிழை’ என்று மட்டும் ஒருத்தி எழுதினாள். புள்ளி வைத்து எழுதுகிறவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. புரட்டாதி முடிந்தது. வேலையில் ஒரு வண்டி முழுக்கக் கரண்டி வைக்காமல் அனுப்பி ஏச்சு வாங்கினேன்.

ஐப்பசி நடுவில் வந்தது. வேலையால் வந்து தேத்தண்ணியோடு இருந்து திறந்தேன்.

‘அக்கா, நீங்கள் பதறிக்கொண்டிருப்பியள் எண்டு தெரியும். எனக்குக் கை வரேல்லை, அதுதான் எழுதேல்லை. மாமி அண்டைக்கே எல்லாம் வாசிச்சிட்டா. மலேசியா, பார்சல், கடிதம், எல்லாம். எங்களிட்டை ஒண்டும் கேக்கேல்லை. ரண்டு நாள் வழமை போலை எழும்பினா, குளிச்சா, சாப்பிட்டா. எனக்கு நீங்கள் செய்தது ஒண்டும் அப்ப தெரியாது. மூண்டாம் நாள் நான் சமைக்கேக்கை குசினிக்குள்ளை வந்து, அவன் செத்த திகதி என்ன பிள்ளை, திதி பாக்கவேணும் எண்டு கேட்டா.

எங்களுக்குத் திகதி தெரியாது அக்கா. சொன்னவருக்கும் தெரியாது. மாசம் மட்டும்தான் சொன்னவர். தெரியாது மாமி எண்டன். அப்பதான் அவ அழுதவ. செத்தது எண்டதுக்கு அழேல்லை, நாள் தெரியாது எண்டதுக்கு அழுதவ. இவரும் வந்து பக்கத்திலை இருந்து அழுதார். அவர் அழுததை நான் அண்டைக்குத்தான் கண்டனான்.

பிறகு கோயில் ஐயரைக் கேட்டவ. போன நாள் தெரியாட்டில் அறிஞ்ச நாளின்ரை திதியை வைக்கலாமாம். அப்ப நான் அறிஞ்சது அந்த ஞாயிற்றுக்கிழமை, அதுவே இருக்கட்டும் எண்டு மாமி சொல்லிப்போட்டா. முப்பத்தோராம் நாள் எல்லாம் செய்து முடிஞ்சுது.

உங்களிலை கோவமில்லை எண்டு சொல்ல ஏலாது அக்கா. ஆனா வீட்டிலை இப்ப ஒருத்தரும் நடிக்கிறேல்லை. இதை வெளியிலை போட்டிடாதேங்கோ.’

போடவில்லை. பதில் எழுதவும் வழியில்லை. எழுதினால் எல்லாருக்கும் தெரியும். அவள் அதற்குப் பிறகு எழுதவில்லை, மாமியும் எழுதவில்லை. நான் அந்த வலைப்பூவை மூடிவிட்டேன். இத்தனை வருடம் கழித்து இங்கே எழுதும்போது ஊரையும் உறவையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அந்தப் பாடமாவது எனக்கு ஏறியிருக்கிறது.

அன்றைக்கு அந்தப் பின்னூட்டத்தை வாசித்து முடித்ததும் எழுந்துபோய்ப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். அந்த ஞாயிறு என்ன திதி என்று பார்த்துக் கலண்டரின் ஓரத்தில் எழுதிவைத்தேன். ஒவ்வொரு ஆவணியிலும் அந்தத் திதி வரும் நாளில் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, மரக்கறிதான். ஆருடைய திவசம் என்று கணவர் முதல் வருடம் கேட்டார். எங்களுக்குச் சொந்தமில்லை என்றேன். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டு பருப்பையும் சோற்றையும் சாப்பிடுவார்கள்.

அவனுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. மற்ற எல்லாருக்கும் திதி அவர்கள் செத்த நாளில் வருகிறது. டூட்டிங்கில் ஒரு தாய் வருடா வருடம் மகனுக்கு விளக்கேற்றுவது, நான் வாசிக்காமல் ஓம் சொன்ன நாளில்.